கையடக்க ஜிபிஎஸ்-க்கு எந்த ரீசார்ஜ் செல்? ஈட்ரெக்ஸ் 30எக்ஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

புகார்

கருவி கார்மின் ஈட்ரெக்ஸ் 30எக்ஸ். இரண்டு பென்சில் செல், அதாவது ஏஏ அளவு, போட்டால் 25 மணி நேரம் ஓடும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். உள்ளே இருப்பதோ கேமரா பிளாஷுக்காக எப்போதோ வாங்கிய ரீசார்ஜ் செல். உறையில் 2700 எம்ஏஹெச் (செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு) என்று அச்சிட்டிருக்கிறது. போன மாதம் சார்ஜ் போட்டுப் பையில் வைத்தது. நடை தொடங்கும் காலையில் ஆன் செய்ததுமே திரையில் பேட்டரி பாதிதான் காட்டுகிறது. நாலு மணி நேரத்தில் கருவி அணைகிறது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அழுத்தினால் உயிர் வருகிறது. சாட்டிலைட் பிடிப்பதற்குள் திரும்பவும் போய்விடுகிறது.

இது ஒருவருடைய கதை அல்ல. இந்த வகைக் கருவிக்கு அடிக்கடி வரும் புகார்களை ஒரே நிகழ்வாகச் சேர்த்து இங்கே பிரித்துப் பார்க்கிறோம். கருவி கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை நாலு: கருவியில் உள்ள பேட்டரி அமைப்பு, செல்லின் வகை, ஜோடியில் ஒன்று நொண்டுகிறதா என்பது, சார்ஜர். பெரும்பாலும் கோளாறு இந்த நாலுக்குள்ளேயே அகப்பட்டுவிடும்.

பாதி என்று காட்டியது ஏன்

கருவிக்கு எத்தனை எம்ஏஹெச் மிச்சம் என்று தெரியாது. இரண்டு செல்லும் சேர்ந்து தரும் வோல்ட்டை அளக்கிறது. இன்ன வகைச் செல்லில் இந்த வோல்ட் வந்தால் இவ்வளவு மிச்சம் என்று கணிக்கிறது. எந்த வகை என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். செட்டப், அதற்குள் சிஸ்டம், அதற்குள் பேட்டரி டைப். ஆல்கலைன், லித்தியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற பெயர்கள் அங்கே இருக்கும்.

புது ஆல்கலைன் செல் ஒன்று ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலே தொடங்கி, சரிவான மேட்டுப் பாதையில் இறங்குவதுபோல் ஒரே சீராக இறங்கும். 1.2 வோல்ட்டைத் தொடும்போது நல்ல பங்கு தீர்ந்திருக்கும். நம் ரீசார்ஜ் செல்லின் வகையான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, சுருக்கமாக நிக்கல் செல், அப்படி இல்லை. சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் 1.4 வோல்ட் காட்டும். வேலை தொடங்கியதும் சீக்கிரமே 1.25 பக்கம் வந்து, அங்கேயே நெடுநேரம் சமதளமாக ஓடும். 1.1-க்குக் கீழே வந்தபின் மளமளவென்று 1.0-க்குப் போய்விடும். அதாவது நிக்கல் செல் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிப்பது, ஆல்கலைன் பாதி தீர்ந்த நிலை என்று கருவி எடுத்துக்கொள்ளும் வோல்ட்டில்தான்.

அமைப்பு ஆல்கலைனில் இருந்து, உள்ளே நிக்கல் செல் இருந்தால், முழுச் சார்ஜுக்கும் கருவி பாதி என்றே சொல்லும். இதில் செல்லுக்கு ஒரு கேடும் இல்லை, அளவுகோல்தான் பொய். அதைப் பார்த்து மிரண்டு நன்றாக இருக்கும் ஜோடியைக் கழற்றி மாற்றுவதுதான் நட்டம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று மாற்றியபிறகும் ஒன்றை எதிர்பார்க்கலாம்: கோடுகள் நெடுநேரம் அசையாமல் நிற்கும், பிறகு கடைசிக் கோடு வந்த வேகத்தில் போகும். சமதளத்தில் ஓடும் வோல்ட்டை வைத்து யாராலும் துல்லியமாகக் கணிக்க முடியாது. மணிக்கணக்கு எழுதிவைப்பது இந்தக் கோடுகளைவிட நம்பகமானது.

நம் நிகழ்வில் முதல் கோளாறு இந்த அமைப்பு. ஆனால் நாலு மணி நேரத்தில் அணைந்ததற்கு இது மட்டும் காரணமாக முடியாது.

2700 எங்கே போனது

பழைய முறை நிக்கல் செல்லில் உறையில் எண் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக அது சும்மா இருக்கும்போதே ஒழுகும். சார்ஜ் போட்டு ஒரு மாதம் வைத்தால் கால் பங்குவரை போய்விடும். கோடைக்காலத்தில் காரின் டேஷ்போர்டில் வைத்தால் அதற்கும் மேல். பிளாஷுக்கு இது பெரிய குறையல்ல. கல்யாணத்துக்கு முந்தின இரவு சார்ஜ் போட்டு மறுநாள் காலி செய்துவிடுவார்கள். ஜிபிஎஸ் அப்படி வேலை செய்வதில்லை. நொடிக்குக் கொஞ்சமாக, நாள் கணக்கில் இழுக்கிறது. பையில் மாதக்கணக்கில் தூங்குகிறது.

இந்தக் குறையைத் தீர்த்தது 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனிலூப் வகை. இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. மெதுவாக ஒழுகும் இந்த வகையைத்தான் கார்மின் கையேடு முன்கூட்டியே சார்ஜ் செய்த நிக்கல் செல் என்கிறது. நல்ல பலனுக்கு இதையோ லித்தியத்தையோ போடச் சொல்கிறது. வெள்ளை எனிலூப்பில் குறைந்தபட்சம் 1900 எம்ஏஹெச், கறுப்பு எனிலூப் புரோவில் 2500. பார்க்கக் கறுப்புதான் கவரும். வாரம் ஒருமுறை காட்டுக்குப் போகிறவருக்கு எங்கள் தேர்வு வெள்ளைதான். கறுப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சார்ஜ் சுழற்சி 500, வெள்ளைக்கு 2100. கறுப்பு கொஞ்சம் தடிமனும் கூட. அதன் விளைவைப் பின்னால் பார்க்கலாம். ஒரே மூச்சில் நீண்ட நேரம் பதிவு ஓடியே ஆக வேண்டும், நடுவில் மூடியைத் திறக்கவே முடியாது என்றால் கறுப்பை வாங்குவதில் தப்பில்லை.

3500, 4000 என்று உறையில் போட்டிருக்கும் ஏஏ நிக்கல் செல்லைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். இந்த அளவு உருளைக்குள் அவ்வளவு கொள்ளாது. 2700, 2800-க்கு மேல் எழுதியிருந்தாலே சந்தேகப்படலாம். தராசு உண்மையைச் சொல்லும். நகைக்கடைத் தராசோ, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசோ போதும். நல்ல 2000 வகைச் செல் ஒன்று 26, 27 கிராம் நிற்கும், புரோ 30 கிராமை ஒட்டி நிற்கும். 4000 என்று எழுதிவிட்டு 18 கிராம் நின்றால், உறைக்குள் சின்னச் செல்லை வைத்து மீதியைக் காற்றால் நிரப்பியிருக்கிறார்கள்.

10 ஓம் சோதனை

மூன்றாவது சந்தேகம், ஜோடியில் ஒன்று நொண்டுவது. ஐந்து நிமிடம் விட்டால் உயிர் வந்து மறுபடி போகிறது என்ற அறிகுறி இதைத்தான் காட்டுகிறது. இரண்டு செல்லும் வரிசையாக இணைந்திருப்பதால் மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றே. ஒன்று முன்னதாகக் காலியானால் மொத்த வோல்ட் விழுந்து கருவி அணைகிறது. ஓய்வில் அந்தச் செல் சற்று ஏறிக்கொள்கிறது, கருவி விழிக்கிறது, இழுத்ததும் விழுகிறது. மற்ற செல்லில் பாதி மிச்சம் இருந்தாலும் பயனில்லை. டார்ச் லைட் போன்ற அறிவில்லாக் கருவியில் இப்படி விட்டால், நல்ல செல் நொண்டிச் செல்லைத் தலைகீழாகத் தள்ளி அதை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். ஜிபிஎஸ் தானே அணைந்துகொள்வது அந்த வகையில் நல்லது.

செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் சும்மா அளந்தால் இரண்டும் 1.2 காட்டி ஏமாற்றும். சுமை கொடுத்துத்தான் அளக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 10 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள். 1.2 வோல்ட்டில் 10 ஓம் இழுப்பது 120 மில்லி ஆம்பியர். திரை விளக்கும் திசைகாட்டியும் போட்டு ஓடும் கருவியின் இழுப்பும் ஏறக்குறைய இதுதான், கணக்கு கீழே வருகிறது. அதனால் கருவியில் கிடைக்கப்போகும் மணிநேரத்தையே இந்தச் சோதனை காட்டிவிடும்.

இரண்டு செல்லையும் முழுதாகச் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். இரண்டு ஒற்றைச் செல் ஹோல்டரில் வைத்து, ஒவ்வொன்றின் முனைகளுக்கும் குறுக்கே தனித்தனியாக ஒரு ரெசிஸ்டரை இணைத்து, நேரத்தைக் குறியுங்கள். 1900 எம்ஏஹெச் செல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். மாலை 6 மணிக்குத் தொடங்கினால் காலை 7 மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை வோல்ட்டைப் பாருங்கள். 1.0 வோல்ட்டைத் தொட்டதும் கழற்றிவிட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் செல் பூஜ்ய வோல்ட்டுக்குப் போய்விடும், சில சார்ஜர்கள் அதைப் பிறகு செல் என்றே ஒத்துக்கொள்ளாது. அதனால் முதல்முறை சோதிக்கும்போது, அதிலும் பழைய செல்லானால், இரவில் விட்டுவிட்டுத் தூங்காமல் விடுமுறை நாள் பகலில் செய்வதே மேல். நொண்டிச் செல் நாலாவது, ஐந்தாவது மணியிலேயே விழுந்துவிடக்கூடும்.

இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் அவற்றை ஜோடி சேர்க்க வேண்டாம். டிஸ்சார்ஜ் செய்து எண் காட்டும் சார்ஜர் வைத்திருப்பவருக்கு இந்த வேலை மிச்சம். ரெசிஸ்டர் முறைக்கு ஆகும் செலவு சில ரூபாய்.

நம் நிகழ்வின் செல்கள் போன மாதம் சார்ஜ் போடுவதற்கு முன் ஓராண்டு அலமாரியில் காலியாகக் கிடந்தவை. அப்படிக் கிடந்த நிக்கல் செல் இரண்டு மூன்று முறை சார்ஜ் போட்டுச் சோதித்தால் கொஞ்சம் தேறும். தேறாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

சார்ஜர்

நல்ல செல்லைக் கெடுப்பதில் சார்ஜருக்குத்தான் முதல் இடம். ஒரு விளக்கும் இரண்டு ஜோடிக் குழியும் உள்ள மலிவு சார்ஜர்கள் செல்களை ஜோடியாகத்தான் சார்ஜ் செய்யும். ஒன்று நிறைந்து மற்றது நிறையாமல் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே நேரம்தான். சீக்கிரம் நிறைந்தது தேவைக்கு மேல் வாங்கிச் சூடாகும், மற்றது எப்போதும் அரைகுறை. ஒன்றாக வாங்கிய ஜோடி நாளடைவில் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

தேவை, குழிக்குக் குழி தனியாக முடிவெடுக்கும் சார்ஜர். நிக்கல் செல் நிறைந்ததும் அதன் வோல்ட் சில மில்லிவோல்ட் சரியும். அந்தச் சரிவைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் நல்ல சார்ஜரின் வேலை. வாங்கும்போது ஒற்றைச் செல்லை மட்டும் போட்டாலும் சார்ஜ் செய்யுமா என்று கேளுங்கள். செய்யும் என்றால் குழிகள் தனித்தனி. பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து வாங்கவும் கூடாது: பானசோனிக்கிலேயே பிக்யூ-சிசி51 ஜோடியாகத்தான் சார்ஜ் செய்யும், சிசி17-உம் சிசி55-உம் தனித்தனியாகச் செய்யும். சிசி17-இல் வெள்ளை எனிலூப் நிறைய ஏழு மணி நேரம், சிசி55-இல் நாலு செல்லுக்கு மூன்று மணி நேரம் ஆகும். இரவில் போட்டுக் காலையில் எடுப்பவருக்கு மெதுவானதே போதும்.

சார்ஜ் முடியும் தறுவாயில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரலால் பிடிக்க முடியாத சூடு என்றால் செல்லோ சார்ஜரோ சரியில்லை. இன்னொன்று, நெடுநாள் கிடந்த செல் பத்து நிமிடத்திலேயே நிறைந்துவிட்டது என்று பச்சை விளக்கு காட்டும். அது பொய் நிறைவு. எடுத்து மறுபடி வைத்து இன்னொரு சுற்று ஓடவிடுங்கள்.

பொருந்துவது என்றால் குழியிலும் பொருந்த வேண்டும்

ஈட்ரெக்ஸின் பின்மூடியில் உள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருப்பித் தூக்கினால் செல் குழி தெரியும். ஏஏ செல்லின் தடிமன் 14.5 மில்லிமீட்டர் வரை, நீளம் 50.5 வரை இருக்கலாம் என்பது தரக்கணக்கு. நிக்கல் செல்கள் அந்த மேல்வரம்பை ஒட்டியே நிற்கும். மேலே பிளாஸ்டிக் உறை உரிந்து சுருண்டிருந்தால் செல் நெருக்கிப்பிடிக்கும், மூடி இறுகாது, மூடியைச் சுற்றிய ரப்பர் சரியாக அமராது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தண்ணீர் தாங்கும் என்ற தரம் அதோடு போயிற்று. உறை கிழிந்த செல்லை மழைக்காலத்தில் போடாதீர்கள்.

பிளஸ் பக்கத்துக் குமிழையும் பாருங்கள். சில மலிவுச் செல்களில் குமிழ் குட்டையாக, தோள் அகலமாக இருக்கும். செல்லைத் திருப்பிப் போட்டால் தொடாமலிருக்க, பல கருவிகளில் பிளஸ் தகட்டைச் சுற்றி பிளாஸ்டிக் விளிம்பு வைத்திருப்பார்கள். குட்டைக் குமிழ் அந்த விளிம்பைத் தாண்டி எட்டாது, அல்லது பட்டும் படாமலும் நிற்கும். வீட்டில் ஓடிய கருவி பைக் ஹேண்டில்பாரில் மாட்டியதும் அணைந்து அணைந்து போவதற்கு இந்த அரைகுறைத் தொடர்பே காரணமாகும். குலுக்கலில் ஒரு கணம் விலகினாலும் கருவிக்கு அது மின்வெட்டு. செல்லைச் சுற்றி ஒரு சுற்றுக் காகிதம் வைத்தால் ஆட்டம் நிற்கும். அலுமினியத் தாளை மடித்துத் திணிக்காதீர்கள், நழுவினால் ஷார்ட்.

ஒன்றரை வோல்ட் லித்தியம் ரீசார்ஜ்

நிக்கல் 1.2 வோல்ட்தானே, கருவி 1.5 கேட்கிறதே என்று இப்போது பலர் யுஎஸ்பி குத்திச் சார்ஜ் செய்யும் லித்தியம்-அயான் ஏஏ செல்லுக்குப் போகிறார்கள். உள்ளே 3.7 வோல்ட் செல்லும், அதை 1.5-க்கு இறக்கும் சின்னச் சுற்றும் இருக்கின்றன. உறையில் எம்ஏஹெச்-க்குப் பதில் எம்டபிள்யூஹெச் என்று போட்டிருப்பார்கள். 3000 எம்டபிள்யூஹெச் என்றால் 1.5 வோல்ட்டில் வகுத்து 2000 எம்ஏஹெச் என்று படிக்க வேண்டும். கருவியில் இது ஓடும். ஆனால் கடைசி நொடிவரை 1.5 வோல்ட் தந்துவிட்டு, எச்சரிக்கை இல்லாமல் பூஜ்யமாகும் ரகம் அதிகம். கருவியின் கோடுகள் முழுதாக நிற்கும்போதே திரை கறுத்துவிடும். வோல்ட் இறக்கும் சுற்று எழுப்பும் மின் இரைச்சல் ரேடியோவில் கேட்கும். சாட்டிலைட்டிலிருந்து மிக மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் கருவிக்குப் பக்கத்தில் அதை வைப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை. நிக்கலில் ஓடும் என்று தயாரிப்பாளரே சொல்லும் கருவிக்கு 1.5 தேவை என்ற வாதமும் நிற்கவில்லை.

14500 என்ற எண் போட்ட லித்தியம் செல் வேறு. அளவு ஏஏ-தான், வோல்ட் இறக்கும் சுற்று கிடையாது. இரண்டு போட்டால் முழுச் சார்ஜில் 8.4 வோல்ட், மூன்று வோல்ட்டுக்கான கருவி எரிந்துபோகும். டார்ச் லைட்டுக்காக வாங்கியது ஒரே டப்பாவில் கலந்து கிடப்பதுதான் ஆபத்து. தனி டப்பாவில் வையுங்கள்.

சார்ஜ் ஆகாத லித்தியம், எனர்ஜைசர் அல்டிமேட் போன்றது, இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டியதல்ல. 15 கிராம் எடை, 3000 எம்ஏஹெச், மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும், ஆண்டுக்கணக்கில் பையில் கிடக்கும். விலை அதிகம் என்பதால் அவசரத்துக்கு ஒரு ஜோடி.

மூன்று நாள் நடைக்குக் கணக்கு

25 மணி நேரம் என்ற எண்ணை 2000 எம்ஏஹெச் ஜோடியின் 4.8 வாட்-மணியோடு வைத்துப் பார்த்தால், கருவி சராசரியாக 0.19 வாட், அதாவது 80 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. இது விளக்கு அணைத்த நிலைக்கான எண். குளோனாஸ் என்ற ரஷ்யச் சாட்டிலைட்டுகளையும் சேர்த்து, திசைகாட்டி போட்டு, அடர்ந்த மரநிழலில் அடிக்கடி விளக்கெரித்து வரைபடம் பார்த்தால் ஒன்றரை மடங்கு, 120 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 1900-ஐ 120-ஆல் வகுத்தால் 15.8 மணி நேரம். பழசானதற்கும் குளிருக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 12.6.

நாளைக்கு 9 மணி வீதம் மூன்று நாள் என்றால் 27 மணி. இரண்டு ஜோடி 25 மணியில் நின்றுவிடும், மூன்றாம் நாள் பிற்பகலில் வழி தேடும் நேரத்தில். மூன்று ஜோடி வேண்டும், அல்லது இரண்டு நிக்கல் ஜோடியும் ஒரு லித்தியம் ஜோடியும். லித்தியத்தைப் போட்டதும் பேட்டரி டைப்பை மாற்ற மறக்காதீர்கள். தை மாதத்து உதகையில் புல்லில் உறைபனி படியும் இரவுகளில் செல்லைக் கூடாரத்துக்கு வெளியே பையில் விடாமல் உறங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால், காலையில் குளிரால் வரும் சோர்வு இராது.

மலையடிவாரப் பெட்டிக்கடையில் மாற்று வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு: அங்கே கிடைப்பது சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் துத்தநாக-கார்பன் செல். கடிகாரத்தில் ஓராண்டு ஓடும் அது, ஜிபிஎஸ்-இல் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும். ஆல்கலைன் கிடைத்தால் மணிநேரத்தில் நிக்கலுக்குச் சளைக்காது. குறை, காலியானதை உள்ளேயே மறந்துவிட்டால் கசிந்து தகட்டை அரிக்கும் என்பதுதான்.

பவர் பேங்கிலிருந்து நேரே இந்தக் கருவியை ஓட்டலாம், மினி யுஎஸ்பி. உள்ளே இருக்கும் செல் அதனால் சார்ஜ் ஆகாது. இன்னொரு தொல்லை, 0.19 வாட் என்பது 5 வோல்ட்டில் 40 மில்லி ஆம்பியர்தான். இவ்வளவு குறைவாக இழுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துகொள்ளும். யுஎஸ்பியில் ஓடும் நிக்கல் சார்ஜரைக் கொண்டுபோவது மேல். 10000 எம்ஏஹெச் பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி. வழியில் போகும் நட்டம் உட்பட ஒரு ஜோடிக்கு 9, 10 செலவானாலும் மூன்று ஜோடி நிறையும்.

ஜிபிஎஸ்மேப் 64 வைத்திருப்பவர்கள் கருவிக்குள்ளேயே சார்ஜ் ஆகிறதே என்று கேட்பார்கள். அது கார்மின் விற்கும் நிக்கல் பேக்குக்கு மட்டும். குழிக்குள் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது; பேக்கின் உடல் அதை அழுத்தினால்தான் சார்ஜ் தொடங்கும். சாதாரண செல் அதை அழுத்தாது. அழுத்துவதற்கு எதையாவது ஒட்டிவைப்பவர்களும் உண்டு. அப்புறம் ஒருநாள் அவசரத்தில் ஆல்கலைனைப் போட்டு யுஎஸ்பியும் குத்தினால் சார்ஜ் ஆகக்கூடாதது சார்ஜ் ஆகி, கசிவதோ வெடிப்பதோ நடக்கும்.

முடிவு

நம் நிகழ்வில் பழைய ஜோடி கழிகிறது. வெள்ளை எனிலூப் அல்லது அதே ரகம், ஒரே பெட்டியில், உறையில் அழுத்திய ஆண்டு-மாத எண் ஒன்றாக இருக்கும் நாலு செல். பெர்மனென்ட் மார்க்கரால் க1, க1, க2, க2 என்று குறித்து, வாங்கிய மாதத்தையும் எழுதி, சார்ஜிலும் கருவியிலும் அந்த ஜோடி பிரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழிகள் தனித்தனியான சார்ஜர் ஒன்று, லித்தியம் ஜோடி ஒன்று. கருவியில் பேட்டரி டைப் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. நடை முடிந்து மாதக்கணக்கில் கருவியை வைக்கப்போகிறோம் என்றால் செல்லைக் கழற்றிவிடலாம். சேமித்த தடங்களும் புள்ளிகளும் அழியாது.

ஆண்டுக்கொருமுறை 10 ஓம் சோதனை போதும். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே வந்த ஜோடியைக் கருவியிலிருந்து விலக்கிவிடுங்கள். குறியை அடித்துவிட்டு டிவி ரிமோட்டுக்குப் போடலாம், அங்கே இன்னும் சில ஆண்டு ஓடும்.